ரூபாய்க்கு ஒரு ரூபம்

வெள்ளை அடித்து ஒரு வாரம்கூட ஆகியிராது; அதற்குள் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு யானை முளைத்திருக்கும். யானைக்கு ஐந்து கால். பக்கத்தில் ஒரு வீடு, வீட்டைவிடப் பெரிதாக ஒரு பூ, மேலே சிரிக்கிற சூரியன். குழந்தை வளர வளர இந்தச் சித்திரங்கள் சுவரை விட்டு இறங்கிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்துக்குக் குடிபோய்விடும். வினை ஆரம்பமாவது அங்கேதான்.

"சதா படம் போட்டுக்கொண்டே இருந்தால் பாடத்தை யார் படிப்பது? படம் சோறு போடுமா?" என்று அப்பா கேட்பார்.

அம்மா பேசாமல் இருப்பாள். விடியற்காலையில் வாசல் தெளித்து, பதினைந்து புள்ளி வைத்து, ஒரு புள்ளியும் பிசகாமல் கம்பி இழுத்துவிட்டு வந்த கை அவளுடையது. பிள்ளைக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால், "சோறு போடுமா?" என்ற கேள்விக்கு அவளிடமும் பதில் கிடையாது.

கள்ளக்குறிச்சியில் பிறந்த ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது. அவர் போட்ட சித்திரம் இப்போதே உங்கள் கைப்பையில் இருக்கக்கூடும். 2011-ஆம் ஆண்டுக்குப் பிறகு அச்சான பத்து ரூபாய் நாணயம் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். எண்ணோடு சேர்ந்து, தலையில் இரண்டு கோடுகளுடன் ஒரு குறி இருக்கிறதல்லவா? அந்த ரூபாய்க் குறியை உருவாக்கியவர் டி. உதயகுமார். அதை வரைந்தபோது அவர் எழுத்துக்களின் வடிவத்தை ஆராயும் ஒரு மாணவர்!

மலையடிவாரத்து ஊர்

கள்ளக்குறிச்சி என்றதும் கரும்பும் நெல்லும் ஞாபகத்துக்கு வரும். மேற்கே பார்த்தால் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். கோமுகி ஆறு அந்த மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. மழைக் காலத்தில் அங்கே மேகம் அருவியும் பெரியார் அருவியும் கொட்டுகிற அழகைக் காண்பதற்கென்றே ஜனங்கள் மலையேறுகிறார்கள். மலையில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ்தான். மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் அது.

நீண்ட காலம் அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976-ஆம் ஆண்டில்தான் அந்த முறை ஒழிந்து, அரசாங்க நிர்வாகம் நேரடியாக மலையேறியது. விழுப்புரம் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26-ஆம் தேதி தனி மாவட்டமாயிற்று.

இந்த வட்டாரத்தில் உளிக்கும் கைக்கும் பழைய உறவு உண்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கங்களில் மரச் சிற்பம் செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். வாகை, வேம்பு போன்ற மரங்களில் அவர்கள் செதுக்கும் தெய்வ உருவங்கள் ஊர் ஊராகப் போகின்றன. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எழுத்துக்கும் இங்கே மிகப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பை என்ற சிற்றூரில், பாறையில் வெட்டிய ஒரு வரிக் கல்வெட்டு 1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது. சங்கப் பாடல்களில் நாம் படித்த அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் இருக்கிறது. முனிவர்கள் தங்குவதற்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது அது. சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய எழுத்து. பார்த்தால் நம்முடைய 'அ', 'ஆ' போல் இராது; குச்சி குச்சியாக, கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போல் இருக்கும். அந்தக் குச்சிதான் காலப்போக்கில் வளைந்து, சுழித்து, இன்று நாம் எழுதும் தமிழ் எழுத்தாக வளர்ந்தது. குழந்தைகளைப் போல எழுத்துக்களும் வளர்கின்றன!

எழுத்து மாறிய வருஷம்

உதயகுமார் பிறந்தது 1978-ஆம் வருஷம் அக்டோபர் மாதம். தந்தை என். தர்மலிங்கம் அரசியல்வாதி, 1971 தேர்தலில் ரிஷிவந்தியம் தொகுதியில் தி.மு.க. சார்பில் நின்று வென்று சட்டசபைக்குப் போனவர்.

அவர் பிறந்த அதே வருஷத்தில், அதே மாதத்தில், தமிழ் எழுத்துக்கும் ஒரு மாற்றம் வந்தது. நம் பாட்டிமார் படித்த பழைய புத்தகம் ஏதாவது பரண்மேல் இருந்தால் தூசி தட்டிப் பாருங்கள். 'யானை' என்ற சொல்லில் 'னை' என்ற எழுத்து, நிஜமாகவே தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 'விலை', 'வெள்ளை', 'கண்ணை' என்ற சொற்களிலும் அப்படித்தான். 'றா', 'னா', 'ணா' முதலியவற்றில் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு ஒட்டிச் சுழிந்திருக்கும். இவற்றைச் சீர்படுத்த வேண்டும் என்று 1935-லேயே பெரியார் எழுதியும் அச்சிட்டும் காட்டியிருந்தார். அவருடைய நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1978 அக்டோபரில் அரசாங்கம் அதை ஏற்று உத்தரவு போட்டது. மாறியவை மொத்தம் 13 எழுத்துக்கள்.

அதனால் பல வீடுகளில் ஒரு வேடிக்கை நடந்தது. அம்மா மளிகைச் சாமான் பட்டியலில் எழுதுகிற 'லை' வேறு. பிள்ளை பள்ளிக்கூடத்தில் எழுதுகிற 'லை' வேறு. இன்றும் சில பாட்டிமார் எழுதும் கடிதத்தில் தும்பிக்கை தூக்கிய 'னை' எட்டிப் பார்ப்பதுண்டு. எழுத்தின் வடிவத்தை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தேவையானால் மாற்றவும் செய்கிறார்கள். இந்த உண்மையை வீட்டிலேயே கண்ணால் பார்த்து வளர்ந்த தலைமுறை உதயகுமாரின் தலைமுறை.

ஐந்து வருஷப் படிப்புக்குப் பின் ஒரு திருப்பம்

சென்னையில் பள்ளிப் படிப்பை முடித்த உதயகுமார், அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டிடக்கலைப் பள்ளியில் படித்து, 2001-ல் கட்டிடக்கலைப் பட்டம் பெற்றார். கட்டிடக்கலை ஐந்து வருஷப் படிப்பு. அதில் செங்கல்லையும் சிமெண்டையும் மட்டும் சொல்லித் தருவதில்லை. ஜன்னல் எவ்வளவு அகலம் இருந்தால் சுவர் அழகாகத் தோன்றும், எங்கே வெற்றிடம் விட்டால் அறை மூச்சு விடும் என்றெல்லாம் கோடு போட்டுப் போட்டுப் பழக்குகிறார்கள்.

பட்டம் வாங்கியவர் வீடு கட்டப் போயிருந்தால் உறவினர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அவரோ பத்திரிகைப் பக்கங்களை வடிவமைக்கும் வேலையிலும் கைவைத்தார். மும்பைக்குப் போய், ஐ.ஐ.டி. பம்பாயில் உள்ள 'இண்டஸ்ட்ரியல் டிசைன் சென்டர்' என்ற பிரிவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். 1969-ல் தொடங்கிய பிரிவு அது. நாற்காலி, மிக்ஸி, மோட்டார் வண்டி இவற்றின் வடிவத்திலிருந்து, புத்தகம், விளம்பரம், பெயர்ப்பலகை வரையில் எல்லாவற்றின் அழகையும் உபயோகத்தையும் அங்கே கற்பிக்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்டது 'விஷுவல் கம்யூனிகேஷன்'. கண்ணால் பார்த்ததும் செய்தி புரியும்படி செய்கிற கலை என்று வைத்துக்கொள்ளலாம். 2003-ல் அதில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

நம் தெருவில் இப்படி ஒரு பிள்ளை ஐந்து வருஷம் கட்டிடக்கலை படித்துவிட்டு எழுத்துப் படிக்கக் கிளம்பினால் என்ன பேச்சு நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். "எழுத்துப் படிக்க ஒரு காலேஜா? அதைத்தான் விஜயதசமி அன்றைக்கே அரிசியில் எழுதிப் படித்தாயிற்றே!" என்று எதிர் வீட்டு மாமி மோவாயில் கை வைத்துக்கொள்வாள்.

மாமி சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. தட்டில் பரப்பிய அரிசியில், பெரியவர்கள் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறார்களே, அதுதான் நாம் எல்லோரும் கற்ற முதல் டிசைன் பாடம். எங்கே ஆரம்பிப்பது, எங்கே வளைப்பது, எங்கே நிறுத்துவது என்பதை விரல் அங்கேதான் கற்கிறது. நாம் அத்தோடு நிறுத்திவிட்டு, எழுத்து சொல்லும் செய்தியைப் படிக்கப் போய்விடுகிறோம். சிலர் மட்டும் அந்த வளைவை விட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

மாணவர் செய்த எழுத்துக் குடும்பம்

மும்பையில் மாணவராக இருந்தபோது உதயகுமார் செய்த வேலைகளுள் ஒன்று தமிழுக்கு ஒரு புதிய எழுத்துரு. அதற்கு அவர் வைத்த பெயர் 'பராசக்தி'.

எழுத்துரு செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பது வெளியே தெரியாது. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 எழுத்துக்கள். இத்தனைக்கும் ஒரே குடும்ப ஜாடை இருக்க வேண்டும். அண்ணன் தம்பிகளுக்குள் மூக்கிலோ நெற்றியிலோ ஓர் ஒற்றுமை தெரிவது போல, 'க'வுக்கும் 'ழ'வுக்கும் ஏதோ ஓர் உறவு தெரிய வேண்டும். அதே சமயம் ஒன்றை இன்னொன்றாக யாரும் படித்துவிடக் கூடாது. 'ர' என்ற எழுத்தையும் துணைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவ்வளவு சிறிய வித்தியாசம்! ஆனால் அந்தச் சின்னக் கோடு இல்லாவிட்டால் 'மரம்' 'மாம்' ஆகிவிடும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு காகிதத்தில் 'கு, டு, து, பு' என்று எழுதிப் பாருங்கள். உகரம் ஒன்றுதான், ஆனால் வால் நான்கு விதம்! சிறு வயதிலிருந்து எழுதிப் பழகிவிட்டதால் நமக்கு அது விசித்திரமாகத் தோன்றுவதில்லை. எழுத்துரு செய்கிறவர் ஒவ்வொரு வாலுக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்புறம் இடைவெளி இருக்கிறது. 'ட' ஒல்லி, 'ண' மூன்று சுழியோடு தாராளமாக உட்காருகிற ஆசாமி. இருவருக்கும் பஸ்ஸில் ஒரே அளவு இடம் கொடுத்தால் ஒருவருக்குக் காற்றாடும், இன்னொருவருக்கு மூச்சு முட்டும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் உடம்புக்கு ஏற்ற இடத்தை அளந்து கொடுக்க வேண்டும். இதெல்லாம் சரியாக அமைந்த பக்கத்தை நாம் களைப்பில்லாமல் படித்துக்கொண்டே போவோம். எழுத்து என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. வாரா வாரம் தொடர்கதையின் அடுத்த பக்கத்தைத் திருப்ப வைப்பதில் கதாசிரியருக்குப் பங்கு உண்டு; எழுத்தை வடிவமைத்தவருக்கும் உண்டு.

ஓலையிலிருந்து கம்ப்யூட்டர் வரை

பட்டம் வாங்கியும் அவருக்கு எழுத்து ஆசை அடங்கவில்லை. அதே நிலையத்தில் தமிழ் எழுத்து வடிவங்களைப் பற்றியே முனைவர் பட்ட ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஆராய்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழ் எழுத்து ஏன் இப்படி வளைந்து வளைந்து இருக்கிறது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர்கள் எழுதியது பனை ஓலையில், இரும்பு எழுத்தாணியால். ஓலையின் நரம்பு போகிற திசையில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். வளைத்து எழுதினால் தப்பும். புள்ளியை அழுத்திக் குத்தினாலும் ஓட்டை விழும். அதனால் ஓலைகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். படிக்கிறவர் தம் அறிவால் 'க'வா 'க்'கா என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்!

பிறகு அச்சு வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் வெளியாயிற்று. இந்திய மொழிகளில் முதன்முதலாக ஈய எழுத்தில் ஏறியது நம் மொழிதான். அதன் பின் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தார். ஓலையில் பிறந்த எழுத்து ஈயத்தில் ஏறி, ஈயத்திலிருந்து இறங்கி, இன்று கம்ப்யூட்டர் திரையிலும் செல்போனிலும் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வோர் இடம் மாறும்போதும் உடம்பு கொஞ்சம் மாறுகிறது. புகுந்த வீட்டுக்கு ஏற்றபடி பழக்கத்தை மாற்றிக்கொண்டு, பிறந்த வீட்டுக் குணத்தையும் விடாமல் இருப்பது எப்படி என்பது நம் பெண்களுக்குத் தெரியும். எழுத்தும் அந்தச் சாமர்த்தியத்தில்தான் பிழைத்துவந்திருக்கிறது.

போட்டி வந்தது

இந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தபோதுதான், 2009 மார்ச் மாதத்தில், மத்திய அரசாங்கம் ஒரு போட்டியை அறிவித்தது. இந்திய ரூபாய்க்கு ஒரு குறி வேண்டும்!

அதற்கு முன் ஆங்கிலத்தில் 'ஆர்', 'எஸ்' என்று இரண்டு எழுத்துப் போட்டுச் சமாளித்துவந்தோம். ஆனால் பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், மொரீஷியஸ் நாடுகளிலும் பணத்துக்கு ரூபாய் என்றுதான் பெயர். அவர்களும் அதே சுருக்கத்தைப் போடுகிறார்கள். டாலருக்கு ஒரு குறி உண்டு. பவுனுக்கு உண்டு, 'லிப்ரா' என்ற லத்தீன் சொல்லின் முதல் எழுத்திலிருந்து வந்தது அது. யென்னுக்கு உண்டு. ஐரோப்பியர்கள் கிரேக்க எழுத்து ஒன்றை முன்மாதிரியாக வைத்து 1996-ல் யூரோவுக்கும் ஒரு குறி செய்துகொண்டார்கள். நம் ரூபாய் மட்டும் முகம் இல்லாமல் இருந்தது.

உண்மையில் தமிழனின் ரூபாய்க்கு முகம் இல்லாமல் இல்லை! பழைய வியாபாரிகளின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ௹ என்று ஒரு சுழி சுழித்தால் ரூபாய். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, மேற்படி என்பதற்கு ௸. அந்த நாள் கணக்குப்பிள்ளைகள் எல்லோரும் ஒரு விதத்தில் டிசைன்காரர்கள்தாம். ஆனால் அந்தக் குறி தமிழ் நாட்டுக்கு வெளியே யாருக்கும் புரியாது. மத்திய அரசாங்கம் கேட்டதோ நாடு முழுவதற்கும் பொதுவான குறி. நம் பண்பாட்டை அது காட்ட வேண்டும். சாதாரண கம்ப்யூட்டர் விசைப்பலகையிலும் அடங்க வேண்டும்.

மொத்தம் 3,331 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து ஐந்து பேர் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். அந்த ஐவரில் ஒருவர் பெண்மணி: கட்டிடக்கலை மேதை சார்லஸ் கொரியாவின் மகளும், தாமே கட்டிடக்கலை நிபுணருமான நந்திதா கொரியா மெஹ்ரோத்ரா. இன்னொருவர் உதயகுமார். 2010 ஜூலை 15-ஆம் தேதி மத்திய மந்திரிசபை கூடி, உதயகுமாரின் குறியைத் தேர்ந்தெடுத்தது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அப்போது அவருக்கு வயது 31. ஆராய்ச்சியை முடிக்கும் தறுவாயில், அஸ்ஸாமில் உள்ள ஐ.ஐ.டி. கௌஹாத்தியின் டிசைன் பிரிவில் ஆசிரியராகச் சேரும் சமயத்தில் அந்தச் செய்தி வந்தது.

நீங்களும் வரைந்து பாருங்கள்

காகிதமும் பென்சிலும் எடுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக, சமமாக இரண்டு படுக்கைக் கோடுகள் போடுங்கள். மேல் கோட்டிலிருந்து வலப் பக்கமாக ஒரு வயிறு வளைத்து, கீழ்க்கோட்டைத் தாண்டி இடப் பக்கம் கொண்டுவாருங்கள். அங்கிருந்து வலப் பக்கமாகச் சாய்த்து ஒரு காலை இறக்குங்கள். தீர்ந்தது!

தேவநாகரியில் 'ர' என்ற எழுத்து அப்படித்தான் இருக்கும். அந்த எழுத்துக்களுக்கே தலைக்கு மேல் கோடு போடுவது வழக்கம். இன்னொரு பக்கம் பார்த்தால், ஆங்கிலத்தின் பெரிய 'ஆர்' எழுத்திலிருந்து நிமிர்ந்த தூணை எடுத்துவிட்டது போலவும் தோன்றும். நம் நாட்டான் ஒருவனும் வெளிநாட்டான் ஒருவனும் அதைப் பார்த்தால், இருவருமே 'ரூபாய்' என்று ஊகித்துக்கொள்ளலாம். மேலே உள்ள இரண்டு கோடுகளும் நடுவில் உள்ள வெற்றிடமும் மூவர்ணக் கொடியை நினைவூட்டுகின்றன. சமம் என்ற கணக்குக் குறியையும் நினைவூட்டுகின்றன. அந்த வெற்றிடத்தில் அவர் எதுவும் வரையவில்லை. ஆனால் கொடியின் நடுப்பட்டை அதுதான். எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்று கட்டிடக்கலைப் பள்ளியில் கற்ற பாடம் வீண் போகவில்லை!

அந்த வருஷம் அக்டோபரிலேயே உலகக் கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவான யூனிகோடு எழுத்துப் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. 2011 ஜூலையில் நாணயங்களில் ஏறியது. பிறகு நோட்டுகளிலும், மளிகைக் கடை ரசீதிலும், செல்போனிலும் வந்துவிட்டது.

தமிழ் எழுத்தில் ஆராய்ச்சி செய்தவர் தேவநாகரி எழுத்தை எடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த மனத்தாங்கல் இன்னும் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. 2025 மார்ச் மாதத்தில் தமிழ்நாடு அரசாங்கம் தன் வரவு செலவுத் திட்ட இலச்சினையில் அந்தக் குறிக்குப் பதிலாக 'ரூ' என்ற தமிழ் எழுத்தைப் பொறித்தது. நாடெங்கும் பெரிய சர்ச்சை ஆயிற்று. ஒரு சாரார் இது நம் மொழியின் உரிமை என்றார்கள்; மற்றொரு சாரார் ஒரு தமிழர் செய்த குறியை ஒதுக்கலாமா என்றார்கள். அந்த விவாதத்தில் நாம் தலையிட வேண்டாம். ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும் ஒரு கோட்டுச் சித்திரத்துக்காக இவ்வளவு பெரிய நாடு வாய்விட்டுப் பேசுகிறது என்றால், எழுத்தின் வடிவம் அற்ப விஷயம் அல்ல என்றுதானே அர்த்தம்?

வளர்கிற கணக்கு

இந்தக் கதையைப் பரிசு கிடைத்த ஒரு நாள் அதிர்ஷ்டமாகப் பார்த்தால் நமக்கு ஒன்றும் பிரயோஜனம் இல்லை. வருஷங்களைக் கூட்டிப் பாருங்கள். கட்டிடக்கலைப் பட்டம் 2001. டிசைன் பட்டம் 2003. ரூபாய்க் குறி 2010. கல்லூரியில் அடியெடுத்து வைத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் பத்து வருஷத்துக்கு மேல் கோடு, வளைவு, வெற்றிடம் என்றே கழிந்திருக்கிறது. நடுவில் பார்த்த யாருக்கும், அவர் ஒரு வழியை விட்டு இன்னொரு வழிக்குத் தாவுகிறவராகவே தோன்றியிருப்பார். கட்டிடம், பத்திரிகை, எழுத்து என்று மூன்று வழிகள். கடைசியில் பார்க்கும்போதுதான் அவை ஒரே வழியின் மூன்று மைல்கல் என்று தெரிகிறது.

பிள்ளை வளர்ப்பில் நம்மைத் தடுமாற வைப்பதும் இதுதான். பதினேழு வயதில் எடுத்த பாடத்தை இருபத்திரண்டு வயதில் மாற்றினால், 'போச்சு, ஐந்து வருஷம் வீண்' என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொள்கிறோம். உயரத்தைச் சுவரில் கோடு போட்டு அளந்துவிடலாம். மனத்தின் வளர்ச்சியை அப்படி அளக்க முடிகிறதா? கற்றது எதுவும் எங்கேயும் போய்விடுவதில்லை. சமயம் வரும்போது வெளியே வருகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மந்திரிசபை பரிசு தராது என்பது வாஸ்தவம். 3,331 விண்ணப்பங்களில் வென்றது ஒன்றுதான். ஆனால் மற்ற நால்வருக்கும் இறுதிச் சுற்று வரை வருகிற திறமை இருந்தது. அவரவர் தொழிலில் அது பயன்படத்தானே செய்யும்!

இன்று இந்தக் கலைக்குப் படிப்பு இல்லாமல் இல்லை. 1850-ல் தோன்றிய ஓவியப் பள்ளி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகச் சென்னையில் இருக்கிறது. கும்பகோணத்திலும் ஒரு அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. 1961-ல் ஆமதாபாத்தில் தொடங்கிய தேசிய டிசைன் கழகம் இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் டிசைன் இளநிலைப் படிப்பில் சேர 'யுசீட்' என்றும், முதுநிலைப் படிப்பில் சேர 'சீட்' என்றும் நுழைவுத் தேர்வுகள் உண்டு. யுசீட் தேர்வை எந்தப் பாடப் பிரிவில் படித்தவர்களும் எழுதலாம். அதில் படம் வரைகிற பகுதியும் இருக்கிறது! பொறியியல், மருத்துவம் இரண்டைத் தவிர வேறு கதவு இல்லை என்று நினைக்கிற வீடுகளில் இந்தத் தகவலைக் காதில் போட்டு வைக்கலாம். குறிப்பாகப் பெண் குழந்தைகளின் காதில். கோலப் பொடியைக் கையில் எடுத்த நாளிலிருந்தே அளவும் சமச்சீரும் அவர்களுக்குப் பழக்கமானவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நாணயத்தில் உள்ள குறியையும், பழைய கணக்குப் புத்தகத்து ௹ குறியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். "நம் வீட்டுக்கு ஒரு குறி வேண்டும். பார்த்த உடனே நம் வீடு என்று தெரிய வேண்டும். ஐந்து கோட்டுக்கு மேல் போகக் கூடாது" என்று ஒரு போட்டி வையுங்கள். பரிசாக ஒரு தட்டு பஜ்ஜி போதும். நடுவராக வீட்டுக்காரரையே உட்கார வையுங்கள். சோறு போடுமா என்று கேட்டவர் அவர்தானே!